மூன்றாவது சிலிண்டர்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் ஒருவன் மோட்டார் வண்டியின் எஞ்சினைப்பற்றி எழுதப் புகுவது இம்மலரை வாசிக்கும் அன்பர் சிலர்க்கு நகைப்பை விளைக்கக்கூடும். எழுத்ததிகாரத்தையும் சொல்லதிகாரத்தையும் விட்டுவிட்டு இவன் எண்ணெய்க் கறைக்கு ஏன் போனான் என்று என் ஆசிரியப் பெருமக்களும் ஐயுறலாம். யான் போனது விருப்பத்தினாலன்று. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு வண்டி நோயுற்றது. அந்நோயின் காரணத்தைத் தேடிச் சென்ற வழி என் வீட்டு வாசலிலேயே வந்து முடிந்தது. நடந்ததை நடந்தவாறே கூறுகிறேன்.

எங்கள் வண்டி ஓர் அம்பாஸிடர். என் பாட்டனார் 1978 ஆம் ஆண்டில் வாங்கியது. நான்கு சிலிண்டர்களும் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய பெட்ரோல் எஞ்சின் அதற்கு. வங்காளத்து உத்தரபாராவில் இவ்வினத்து வண்டிகள் செய்யப்படுவது 2014 ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆகவே எங்கள் ஊரில் அதனைக் காணும் சிறுவர் பொருட்காட்சிக்கு வந்தவர்போல் நின்று பார்ப்பர். அதன் தூரமானி ஐந்து இலக்கங்களே காட்டவல்லது. 99,999 கிலோமீட்டரைக் கடந்தால் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். அவ்வாறு அது மூன்று முறை தொடங்கியிருக்கிறது என்பதைப் பாட்டனாரின் குறிப்புப் புத்தகம் கூறும். எண்ணெய் மாற்றியது, டயர் மாற்றியது, 1996 இல் எஞ்சினை ஒருமுறை போர் செய்து புதிய பிஸ்டன் இட்டது ஆகிய அனைத்தும் தேதியோடும் காரணத்தோடும் அதில் எழுதப்பட்டுள்ளன. பாட்டனார் காலஞ்சென்றபின் என் தந்தையார் அவ்வழக்கத்தை விடாது காத்து வருகிறார். அவர் துணி வியாபாரி. அவ்வண்டியின் டிக்கியிலும் பின்னிருக்கையிலும் சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கிக்கொண்டு தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களுக்கும், புளியரை மலைப்பாதை ஏறி ஆரியங்காவு வரைக்கும் சென்று விற்று வருவார். எங்கள் அடுப்பு எரிவதும் யான் கல்லூரிக்கு வருவதும் அவ்வண்டியின் ஓட்டத்தால்.

2024 ஏப்ரல் மாதத்தில் வண்டி சோர்ந்தது. காலையில் எளிதிற் கிளம்பாது. கிளம்பினாலும் நின்ற நிலையில் குளிர்சுரம் கண்டவன்போல் நடுங்கும். புளியரை மேட்டிலுள்ள எஸ் வளைவில், முன்னர் இரண்டாம் கியரில் ஏறிய வண்டி முதற் கியரிலும் திணறிற்று. பின்புறக் குழாயில் இடையிடையே 'பொப்' என்றோர் ஓசை எழும். தந்தையார் முதலில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார், பின்னர்க் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தார், பாயிண்டு மாற்றினார். குணமில்லை. ஒருநாள் மாலை வண்டியின் முன்புறத் துளையில் ஹாண்டிலைச் செருகி மெல்லச் சுற்றிப் பார்த்தார். நன்னிலையிலுள்ள எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஒருமுறை கை தடைப்படும். எங்கள் வண்டியில் மூன்று முறை தடைப்பட்டது. நான்காம் முறை கை வழுக்கிக்கொண்டு போயிற்று. "ஒரு சிலிண்டரில் காற்று நிற்கவில்லை" என்று சொல்லித் திண்ணையில் அமர்ந்தார்.

காற்று நிற்கவில்லை என்பதன் பொருளை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். சிலிண்டர் என்பது ஒரு குழல். அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். பெட்ரோல் கலந்த காற்றை உள்ளிழுத்து, வாயில்களை அடைத்து, அதனை ஏழிலொரு பங்கு எட்டிலொரு பங்கு என்னும் அளவாக நெருக்கியபின்னரே பொறி தெறித்து எரிகிறது. நெருக்கம் குன்றினால் எரிதலின் வலியும் குன்றும். தொழிலாளர் இந்நெருக்கத்தைக் கம்ப்ரெஷன் என்பர். அது குன்றுவதற்குரிய வழிகள் பல அல்ல. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் தேய்ந்தோ, சிலிண்டரின் சுவர் தேய்ந்தோ காற்றுக் கீழே இறங்கலாம். மேலேயுள்ள இன்லெட், எக்ஸ்ஹாஸ்ட் என்னும் இருவகை வால்வுகளுள் ஒன்று சரியாக மூடாதிருக்கலாம். ஹெட்டிற்கும் பிளாக்கிற்கும் இடையிலுள்ள காஸ்கெட் கிழிந்திருக்கலாம். நோய் ஒன்றே, மருந்தோ வேறு வேறு, விலையும் மிக வேறு.

அருகிலிருந்த ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுசென்றோம். அங்கிருந்தவர் எஞ்சினை ஓடவிட்டு, பிளக்குகளின் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மூன்றாவது கம்பியை எடுத்தபோது மட்டும் எஞ்சினின் ஓசையில் யாதொரு மாறுதலும் இல்லை. மூன்றாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றார். அதுவரைக்கும் அவர் கூறியது சரியே. அதன்மேல் ஒரே தாவாகத் தாவி, "மூன்று லட்சத்துக்கு மேல் ஓடிய வண்டி, ரிங் போயிருக்கும், முழுதும் இறக்கிப் போர் செய்ய வேண்டும், எழுபதாயிரம் ஆகும்" என்றார். வயது முதிர்ந்தவர் எவ்வலியைச் சொன்னாலும் அதற்கு வயதே காரணம் என்று கூறி அனுப்பும் வைத்தியரை நீங்கள் கண்டிருப்பீர்கள். எங்கள் வண்டி நீலப்புகை விடவில்லை. எண்ணெயையும் வழக்கத்திற்கு மேலாகக் குடிக்கவில்லை. ரிங் தேய்ந்த எஞ்சினுக்கு இவ்விரண்டும் முதற்குறிகள். அவற்றை அன்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எழுபதாயிரம் தந்தையாரிடம் இல்லை. பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் நாற்பதாயிரம் தருவதாகச் சொன்னார். தந்தையார் இரண்டு நாள் யோசித்துக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டனாரின் குறிப்புப் புத்தகத்தை வண்டியிலிருந்து எடுத்து வந்து அலமாரியில் வைத்தார்கள்.

இனி, யான் அதுவரை மறைத்திருந்த ஒன்றைக் கூறவேண்டும்.

2023 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு என் நண்பர் இருவர் எங்கள் ஊருக்கு வந்திருந்தனர். அவர்களைக் குற்றாலத்திற்கு அவ்வண்டியில் அழைத்துச் சென்றேன். எஞ்சினின் மேல்மூடிக்குள்ளிருந்து 'டிக் டிக்' என்று ஓயாது ஓர் ஓசை வரும். அது என் நினைவறிந்த நாள் முதலாய் வருவது. நண்பரில் ஒருவன், "இது மோட்டாரா, தையல் மிஷினா?" என்றான். மற்றவன் சிரித்தான். யானும் உடன் சிரித்தேன். ஆயினும் அச்சிரிப்பு என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அவர்கள் ஊருக்குத் திரும்பிய மறுநாள் தந்தையார் இல்லாத வேளையில், கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு மேல்மூடியைத் திறந்தேன். வால்வுத் தண்டின் தலைக்கும் அதனை அழுத்தும் ராக்கருக்கும் இடையே ஒரு சிற்றிடைவெளி உண்டு. ஓர் அங்குலத்தை ஆயிரங்கூறாக்கினால் பத்து முதல் பதினைந்து கூறு என்னும் அளவினது. ஓசை பிறப்பது அவ்விடைவெளியிலேதான். படத்திற் காட்டியவர் இடைவெளியை அளக்கும் தகடு ஒன்றைக் கையில் வைத்திருந்தார். என்னிடம் அத்தகடு இல்லை, பொறுமையும் இல்லை. எட்டு வால்வுகளுக்கும் திருகை இறுக்கி, ராக்கர் ஆடாதபடி செய்து மூடிவிட்டேன். எஞ்சின் பூனைபோல் ஓசையின்றி ஓடிற்று. மறுநாள் தந்தையார் வந்து, "வண்டி என்ன இவ்வளவு அமைதியாய் ஓடுகிறது!" என்று மகிழ்ந்தார். யான் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது சொல்லாதது பெருமையை அடக்கிக்கொண்டதாக எனக்கே தோன்றிற்று.

அவ்விடைவெளி வீணாக விடப்பட்டதன்று. எஞ்சின் சூடேறினால் வால்வுத் தண்டு நீளும். நீள இடமில்லையாயின் வால்வு தன் இருக்கையில் முழுதும் அமராது. எக்ஸ்ஹாஸ்ட் வால்வோ எரிந்த புகை வெளியேறும் வாயிலில் நின்று பழுக்கக் காய்வது; தன் சூட்டைப் பெரும்பாலும் இருக்கையில் அமர்ந்திருக்கும் அச்சிறுபொழுதிலேதான் இறக்கிவைக்கிறது. அமர இடமின்றி அலைவிக்கப்பட்ட வால்வு நாளடைவில் ஓரம் கருகும். இவையெல்லாம் எனக்கு அப்போது தெரியா. ஆனால் ஏப்ரலில் வண்டி சோர்ந்தபோது டிசம்பரில் யான் செய்தது நினைவுக்கு வராமலில்லை. வந்ததை ஒதுக்கித் தள்ளினேன். ரிங் என்று பட்டறைக்காரர் சொன்ன வேளையில் எழுபதாயிரம் என்ற சொல்லையும் மீறி என் மனத்தில் ஓர் ஆறுதல் பரவிற்று. அதனை நினைக்க இன்றும் நாணுகிறேன்.

இரும்புக்காரர் வருவதற்கு மூன்று நாள் முன்னதாக, தென்காசியில் பழைய வண்டிகளையே பார்த்து வரும் முதியவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டலாம் என்று தந்தையாரிடம் சொன்னேன். அளந்து பார்த்து ரிங்தான் என்று ஒருவர் உறுதி கூறிவிட்டால் என் நெஞ்சு அடங்கும் என்பதே என் உட்கருத்து. போகும் வழியெல்லாம் ரிங்காகவே இருக்கவேண்டும் என்று மனத்துக்குள் ஜெபித்துக்கொண்டே போனேன். எங்கள் குடும்பத்துக்கு அறுபதாயிரம் கூடுதலாகச் செலவாக வேண்டுமென்று கடவுளிடம் மன்றாடிய மகன் அந்நாளில் யான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

அம்முதியவர்க்கு எழுபதுக்கு மேலிருக்கும். வண்டியின் வயதைக் கேட்டார்; வியப்படையவில்லை. எஞ்சின் நன்றாய்ச் சூடேறும்வரை ஓடவிட்டார். பின் நான்கு பிளக்குகளையும் கழற்றி, பொறி தெறிக்காதபடி காயில் கம்பியை எடுத்துவிட்டு, பாட்டரியின் வலிமையைச் சோதித்தார். கடிகாரம்போன்ற ஓர் அளவியை முதற் சிலிண்டரின் பிளக் துளையில் திருகி, என்னைப் பார்த்து, "ஐயா, நீ உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைப் போடு" என்றார். போட்டேன். முள் 85 இராத்தலில் நின்றது. அவர் என் காலைப் பார்த்தார். யான் மிதிக்க மறந்திருந்தேன். "மூச்சுவிட வழி கொடுக்காமல் மூச்சு அளந்தால் இப்படித்தான் காட்டும்" என்று சொல்லி மீண்டும் போடச் செய்தார். இம்முறை 120. பாட்டரி சோர்ந்திருந்தாலும், எஞ்சின் குளிர்ந்திருந்தாலும், கால் மறந்தாலும் நல்ல எஞ்சினும் நோயுற்றதுபோற் காட்டும் என்பதை அன்று அறிந்தேன்.

இரண்டாவது சிலிண்டர் 115. நான்காவது 120. மூன்றாவது 55. நான்கனுள் மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் முக்காற் பங்குக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது தொழிலாளர் கொள்ளும் பொதுவிதி. மூன்றாவது அரைப்பங்கும் தேறவில்லை. "அடுத்தடுத்த இரண்டு குறைந்திருந்தால் காஸ்கெட்டை நினைக்கலாம், இது ஒன்றுதான்" என்றார். இன்னொன்றும் காட்டினார். ரிங் தேய்ந்த சிலிண்டரில் முள் முதலிற் சிறிதளவே எழுந்து ஒவ்வொரு தள்ளலுக்கும் சிறுகச் சிறுக ஏறும். இங்கே எழுந்த இடத்திலேயே நின்றது. பின்னர் ஒரு தேக்கரண்டியளவு எஞ்சின் எண்ணெயை அம்மூன்றாம் துளையில் ஊற்றி மீண்டும் அளந்தார். ரிங்கின் பழுதாயின் எண்ணெய் இடுக்கை அடைத்து அளவு தாவி உயரும். வால்வின் பழுதாயின் உயராது. முள் 60 இல் நின்றது. ஒப்பு நோக்குவதற்காக முதற் சிலிண்டரிலும் எண்ணெய் ஊற்றினார். அது 135 ஆயிற்று.

"ரிங் இல்லை" என்றார் முதியவர். தந்தையார் முகம் மலர்ந்தது. என் வயிற்றைக் கலக்கிற்று.

பாடபேதம் ஆராயும் வகுப்பில் ஏடு பழையது என்ற ஒன்றைக்கொண்டு பிழையை ஏட்டின்மேற் போட்டுவிடக் கூடாது, எழுதினவன் கையையும் ஐயுற வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் சொல்வதுண்டு. அது அவ்வேளையில் ஏனோ நினைவுக்கு வந்தது.

முதியவர் மேல்மூடியைத் திறந்தார். சட்டைப்பையிலிருந்து பில்லர் கேஜை எடுத்து, உரிய தகட்டை விரித்து மூன்றாம் சிலிண்டரின் எக்ஸ்ஹாஸ்ட் வால்வில் நுழைத்தார், நுழையவில்லை. அதனினும் மெல்லிய தகடு, அதுவும் நுழையவில்லை. தந்தையார், "அண்ணாச்சி, 2000 இல் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்துவிட்டார்களே, பழைய எஞ்சின்களில் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், இடைவெளி தானே அடைபடும் என்று எங்கப்பா சொல்வார். அப்படியிருக்குமோ?" என்று கேட்டார். கேள்வி தக்கதே, முதியவரும் தலையசைத்தார். எனக்குக் கதவொன்று திறந்தாற்போலிருந்தது. முதியவரோ தகட்டை ஒவ்வொரு வால்வாகக் கொண்டுசென்றார். எட்டிலும் நுழையவில்லை.

"தம்பி, நீங்கள் சொல்வது எக்ஸ்ஹாஸ்டுக்குப் பொருந்தும். உள்ளே வரும் குளிர்ந்த காற்றைப் பார்க்கும் இன்லெட் ஏன் இறுகியிருக்கிறது? நான்கு இன்லெட்டும் ஒன்றுபோல் இறுகியிருக்கின்றன. இது தேய்மானமில்லை, கை. யார் தொட்டது?"

"யாரும் தொடவில்லை, அண்ணாச்சி. கடைசியாக எங்கப்பா வைத்தது" என்றார் தந்தையார்.

பாட்டனார்மேல் பழி போவதைக் கண்டபின்னும் வாய்மூடி நிற்க என்னால் இயலவில்லை. "யான்தான் இறுக்கினேன், அப்பா. டிசம்பரில்" என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். தையல் மிஷின் என்ற சொல்லை அங்கே சொல்லும்போது அஃது எத்துணைச் சிறிய காரணம் என்று எனக்கே தெரிந்தது. முதியவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் திருகுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

தளர்த்தி மீண்டும் அளந்தும் மூன்றாவது ஏறவில்லை. வால்வு முன்னமே கருகியிருந்தது. அதனை உறுதிப்படுத்த, பிஸ்டனை மேலேற்றி, இரு வால்வுகளும் மூடும் நிலையில் நிறுத்தி, எஞ்சின் சுழலாதபடி கியரிற் போட்டுக் கைப்பிரேக்கை இழுத்து, டயருக்குக் காற்றடிக்கும் யந்திரத்தின் குழாயைப் பிளக் துளையில் பொருத்தினார். உள்ளே செலுத்தும் காற்று எவ்வழியே தப்புகிறது என்று செவியாற் காண்பது இம்முறை. கார்புரேட்டரின் வாயிற் சீறினால் இன்லெட். எண்ணெய் ஊற்றும் வாயிற் சீறினால் ரிங். ராடியேட்டரிற் குமிழி வந்தால் காஸ்கெட். எண்ணெய் வாயில் சிறிது ஓசை கேட்டது. மூன்று லட்சம் ஓடிய எஞ்சினுக்கு அவ்வளவு இயல்பென்றார். தந்தையாரைக் கார்புரேட்டரண்டை நிறுத்தினார், அங்கே ஒன்றுமில்லை. என்னைப் பின்புறம் போகச் சொன்னார். மண்டியிட்டுச் சைலன்ஸர்க் குழாயில் காதை வைத்தேன். பாம்பு சீறுவதுபோல் 'உஸ்' என்ற ஓசை இடைவிடாது வந்தது. பட்டறையில் வேறு எவர்க்கும் கேட்டிராது. யான் சற்று நேரம் எழவில்லை.

மறுநாள் ஹெட்டை இறக்கினர். கழற்றிய வால்வைத் தந்தையார் என் உள்ளங்கையில் வைத்தார். அதன் விளிம்பில் எலி கடித்த அப்பளம்போல் ஓரிடம் போயிருந்தது. சிலிண்டர்ச் சுவர்கள் வழவழப்பாகவே இருந்தன. பாட்டனார் 1996 இல் செய்த வேலை இன்னும் நின்றது. இருக்கையை லேத்துக்காரர் வெட்டிச் சீராக்கினார். புது வால்வைப் பசையிட்டு இருக்கையோடு தேய்த்து இணக்கும் வேலையை முதியவர் என்னிடம் கொடுத்தார். இரு கையாலும் கடைகோல்போல் உருட்டி உருட்டி ஒரு மணி நேரம் தேய்த்தேன். அவர் பெட்ரோலை ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தார்; கசிந்தது; மீண்டும் தேய்த்தேன். மூன்றாம் முறைதான் நின்றது. புதிய காஸ்கெட்டும் இட்டு எல்லாம் பூட்டியபின் மூன்றாவது சிலிண்டர் 118 காட்டிற்று. மொத்தச் செலவு பதினோராயிரத்து நானூறு. வால்வுகளுக்கு இடைவெளி வைக்கும்போது முதியவர் தகட்டை என் விரலிற் கொடுத்து, சிறிது பற்றிக்கொண்டு நழுவும் அப்பதத்தை உணரச் செய்தார். எஞ்சினைக் கிளப்பினோம். டிக் டிக் என்றது.

வீடு திரும்பும் வழியில் நெடுநேரம் தந்தையார் பேசவில்லை. கடையநல்லூர் தாண்டியபின், "அமைதியாய் ஓடுகிறதென்று மெச்சினேனே, எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?" என்றார். அவ்வளவே. திட்டியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். இரவு அலமாரியிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து என் முன் வைத்தார். காரணம் என்ற இடத்தில், "டாப்பெட் அளவின்றி இறுக்கப்பட்டமை" என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, "யாரால் என்று இல்லையே, உங்கள் தமிழில் எழுவாய் கிடையாதோ?" என்றார். என் பெயரையும் சேர்த்தேன்.

அந்த நண்பன் சென்ற விடுமுறையிலும் எங்கள் ஊருக்கு வந்தான். வண்டியில் ஏறியதும் செவி சாய்த்துக் கேட்டு, "மிஷின் இன்னும் ஓடுகிறதே, தைக்கத் துணி இருக்கிறதா?" என்றான். டிக்கி நிறைய இருக்கிறது என்றேன்.